மகனுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்: தூக்க மருந்து போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகனுக்கு நாலரை வயது. மூன்று மாதத்தில் இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. இரண்டு முறையும் இடது கை மட்டும் துடித்திருக்கிறது. நரம்பியல் மருத்துவர் மாத்திரை தொடங்கிவிட்டு, மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பையன் முடிவெட்டுவதற்கே ஐந்து நிமிடம் உட்கார மாட்டான் என்பதால் மயக்கம் கொடுத்து எடுப்பதாகத் திட்டம். ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த நாள். இன்னும் ஐந்தே நாள் இருக்கிறது.

அவர் கேட்பவை இவை. சென்னையில் அக்கா மகளுக்கு ஒரு சிரப் கொடுத்தே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள்; இங்கே ஏன் மயக்கவியல் மருத்துவர் வரை போகிறார்கள்? லேசான மருந்தே போதும் என்று நான் கேட்கலாமா? வீட்டிலேயே சளி சிரப் கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப்போனால் மயக்க மருந்தே வேண்டியிருக்காதே? போன வாரம் சளி பிடித்தது, இப்போது இருமல் மட்டும் மிச்சம். அதைச் சொன்னால் நாளைத் தள்ளிவிடுவார்களே? மாமியார், 'மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூளை மந்தமாகிவிடும்' என்கிறார், அது உண்மையா? கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "அவன் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குவான், டாக்டர். ஆழ்ந்த தூக்கக்காரன். அதனால் அவனுக்குக் கொஞ்சம் மருந்தே போதும் என்று நினைக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. ஒரு பிள்ளை குறட்டை விடுகிறான் என்று கேட்டால், 'நன்றாகத் தூங்குகிறான்' என்று எங்களுக்குத் தோன்றாது. 'இவனுடைய மூச்சுப்பாதை எங்கே குறுகியிருக்கிறது?' என்றுதான் தோன்றும். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, குறட்டை விடும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்கேனுக்கு முன்பு இந்த ஒரு செய்தியையாவது மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் தேவையா என்ற சந்தேகமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. வலிப்பு எப்போதும் ஒரே பக்கத்தில் வந்தால், மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தழும்போ அமைப்பு மாற்றமோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். சிடி ஸ்கேன் சில விநாடிகளில் முடிந்துவிடும், பெரும்பாலும் மயக்கம் தேவைப்படாது. ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு; நுண்ணிய மாற்றங்கள் எம்ஆர்ஐயில் தெரிகிற அளவுக்கு அதில் தெரியாது. உங்கள் மருத்துவர் சரியானதைத்தான் கேட்டிருக்கிறார். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. அதன் சிரமம் வேறு: அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை, சுத்தியலால் அடிப்பதுபோன்ற சத்தத்துக்கு நடுவே, தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும். நாலரை வயதில் அது பெரிய காரியம்.

மருந்தில் வருவது தூக்கமல்ல

இன்று இரவு உங்கள் மகன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சத்தம் நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கும். அப்புறம் ஒரு திணறல், ஒரு பெருமூச்சு, புரண்டு படுப்பான். மறுபடி மூச்சு சீராகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகாது. சத்தமாகக் குறட்டை விடும் பிள்ளைகள் சிலருக்கு ஆகும். அந்தப் புரண்டு படுத்தல் இருக்கிறதே, அதுதான் அவனுடைய காவல். மூச்சு அடைபட்டதும் மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டைத் தசைகளை இழுத்துப் பிடிக்கிறது, தலையைத் திருப்புகிறது, வழி திறக்கிறது. அவனுக்கே தெரியாமல் ஒரு இரவில் இது பல முறை நடக்கலாம்.

தூக்க மருந்து முதலில் கைவைப்பது அந்தக் காவலின் மீதுதான். தொண்டையை விரித்துப் பிடித்திருக்கும் தசைகள் தளர்கின்றன. மென்மையான மேல் அண்ணமும் குரல்வளை மூடியும் பின்னால் சாய்கின்றன, நாக்கும் சேர்ந்துகொள்கிறது. வழி குறுகுகிறது. தூக்கத்தில் என்றால் புரண்டு படுத்திருப்பான். மருந்து மயக்கத்தில் இருக்கும் பிள்ளை புரள மாட்டான். இன்னொருவர் பார்த்து, தாடையின் இரு மூலைகளிலும் விரலைக் கொடுத்து முன்னோக்கித் தூக்க வேண்டும். தூக்கியதும் குறட்டை சட்டென்று நிற்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும், விரலுக்கடியில் அந்த மூச்சு சத்தமில்லாமல் ஓடத் தொடங்குவதை உணரும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது ஏன் சீக்கிரம் நடக்கிறது? உடம்போடு பார்த்தால் அவர்களுடைய தலை பெரிது. மல்லாக்கப் படுக்கவைத்தாலே பின்தலை தள்ளி, கழுத்து மடங்கிக் கொள்ளும். அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குத் தோளுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கிறோம். வாய்க்குள் நாக்குக்கு இடம் குறைவு. பாலர் பள்ளி வயதில் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் இருக்கிற இடத்துக்கு மிகப் பெரிதாக வளர்ந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழாயே சின்னது. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் அகலம் பாதியாகிறது. ஆனால் காற்று போவதற்கான தடை 16 மடங்காகிறது. பெரியவர்களின் 8 மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் தடையை ஏறக்குறைய மூன்று மடங்குதான் ஆக்கும். கூடவே, எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப்போல இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் சிறு குழந்தைகள் செலவழிக்கிறார்கள். நுரையீரலில் இருப்பும் குறைவு. மூச்சு நின்றால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் சின்னது.

சிரப் லேசு, ஊசி பலம் என்று ஒரு கணக்கு

இந்தக் கணக்கை எத்தனையோ பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இயல்பான எண்ணம்தான், ஆனால் தவறு. வாயில் கொடுத்த மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது. எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்பது வயிற்றைப் பொறுத்தது. ஏறவில்லையே என்று இன்னொரு அளவு கொடுத்தால், இரண்டும் சேர்ந்து ஏறும். ஸ்கேனுக்குக் குழந்தைகளைத் தூங்கவைக்கப் பல நாடுகளில் காலங்காலமாகக் கொடுத்துவந்த குளோரல் ஹைட்ரேட் அப்படிப்பட்ட ஒரு சிரப். அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள் பல மணி நேரம் தங்கும். ஸ்கேன் முடிந்து, எழுந்து, பிஸ்கட் சாப்பிட்டு வீட்டுக்குப் போன பிள்ளை, வழியிலேயே மறுபடி ஆழ்ந்து தூங்கிவிடலாம். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது.

புரோப்பொஃபால் நரம்பு வழியே போகும் மருந்து, பால்போல வெள்ளையாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஏறும், நிறுத்திய சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு மிகப் பிடிக்கும். ஆனால் அளவு கூடக்கூடத் தொண்டையைத் தளர்த்தும், மூச்சையே நிறுத்தவும் செய்யும். டெக்ஸ்மெடிடோமிடின் தருவது இயல்பான தூக்கத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான மயக்கம். மூச்சு விடும் உந்துதலை அவ்வளவாகக் குறைக்காது, மூக்கில் தெளித்தும் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2022ல், ஊசியோ கத்தியோ படாத இதுபோன்ற பரிசோதனைகளின்போது குழந்தைகளுக்குக் கொடுக்க அனுமதித்தார்கள். குறட்டைப் பிள்ளைகளுக்கு எம்ஆர்ஐ எடுக்கையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். டெக்ஸ்மெடிடோமிடினில் மூச்சுப்பாதைக்குக் கருவி வைக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் இதயத் துடிப்பை மெதுவாக்கும், ஏறவும் இறங்கவும் நேரம் பிடிக்கும். தொண்டை குறுகவே குறுகாது என்றும் இல்லை. கெட்டமின் தொண்டையின் வலுவைப் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் எச்சிலைப் பெருக்கும். சிலருக்குக் குரல்வளை இறுகும். மிடாசோலத்துக்கு மட்டும் ஃபுளூமசெனில் என்று ஒரு மாற்று மருந்து உண்டு. ஆனால் மிடாசோலம் மட்டும் கொடுத்து ஒரு பிள்ளையை முக்கால் மணி நேரம் அசையாமல் கிடத்துவது கடினம்.

குற்றமில்லாத மருந்து இதில் ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? இன்னொன்றும் உண்டு. லேசான மயக்கம், நடுத்தரம், ஆழம், முழு மயக்கம் என்று நாங்கள் படி வைத்துப் பேசினாலும், அது படிக்கட்டு அல்ல, சறுக்கு மரம். லேசாக வைத்திருக்க நினைத்த பிள்ளை ஆழத்துக்குச் சறுக்கிவிடலாம். நினைத்ததைவிட ஒரு படி ஆழமாகப் போனாலும் குழந்தையை மீட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால் வந்த விதி. சென்னையில் உங்கள் அக்கா மகளுக்கு நல்லபடியாக முடிந்தது, மகிழ்ச்சி. ஆனால் அவளுக்கு என்ன பரிசோதனை, எத்தனை நிமிடம், அவள் குறட்டை விடுவாளா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

எம்ஆர்ஐ அறையில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பிள்ளை சுரங்கத்துக்குள் இருக்கிறான், எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. காந்தம் இழுக்கும் என்பதால் சாதாரணக் கருவிகளை உள்ளே கொண்டுபோக முடியாது. அந்தச் சத்தத்தில் குறட்டையும் கேட்காது, திணறலும் கேட்காது. எங்கள் கண் முழுவதும் திரையில்தான் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றபின்னும் அந்த எண் கொஞ்ச நேரம் 99, 98 என்று நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெளியே வரும் கார்பன்-டை-ஆக்சைடை அளக்கும் இன்னொரு கருவி வைக்கிறோம். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு சின்ன மேடு எழும். மேடு எழாமல் கோடு நேராக ஓடினால் உடனே ஸ்கேனை நிறுத்திப் பிள்ளையை வெளியே இழுப்போம். "மூச்சை அளக்கும் அந்தக் கருவி வைப்பீர்களா?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். நல்ல கேள்வி அது.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். டான்சில் பெரிதாக இருந்து, மூச்சு நின்று நின்று தூங்குகிற பிள்ளைக்கு, 'லேசான' மயக்கத்தில் தொண்டையைத் திறந்தும் திறக்காமலும் விட்டு வைப்பதைவிட, முழு மயக்கம் கொடுத்து, தொண்டையில் மென்மையான முகமூடிக் குழாய் ஒன்றை வைத்து மூச்சை நம் கையில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பாக இருக்கலாம். பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அதை மறுத்துவிடாதீர்கள். "லேசாகக் கொடுங்கள்" என்று கேட்பதற்குப் பதில், "இவன் தொண்டைக்கு எது நல்லது?" என்று கேளுங்கள்.

சளி சிரப் கொடுத்து அழைத்து வர வேண்டாம்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய சிரப்புகளில் தூக்கம் வரவைக்கும் மருந்துகள் இருக்கின்றன. புரோமெத்தசைன் அவற்றில் ஒன்று. மூச்சு நின்று குழந்தைகள் இறந்ததால், 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. உங்கள் மகனுக்கு வயது கூடுதல், உண்மைதான். ஆனால் டாக்சியின் பின் இருக்கையில், யாரும் அளக்காமல், தலை தொங்கித் தூங்கிக்கொண்டு வரும் குறட்டைப் பிள்ளைக்கு அங்கே யார் தாடையைத் தூக்குவது? அதோடு, நீங்கள் கொடுத்தது எங்களுக்குத் தெரியாமல் நாங்கள் அதன்மேல் இன்னொன்றைக் கொடுப்போம். இரண்டும் கூட்டல் கணக்கில் நிற்காது. இத்தனைக்கும் அந்தச் சுத்தியல் சத்தத்தில் அவன் எழுந்துவிடுவான்.

இருமலை மறைக்க வேண்டாம்

ஆறு வாரம் காத்திருந்தது எனக்குப் புரிகிறது. கணவர் விடுப்பு எடுத்திருப்பார், நீங்கள் பாலர் பள்ளியில் சொல்லியிருப்பீர்கள். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பயிற்சியில் இருந்த காலம். மூன்று வயதுப் பெண் குழந்தை. சளி இருக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றார் தாய். மயக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது குழந்தையின் குரல்வளை இறுகி மூடிக்கொண்டது. மார்பு உள்ளே குழிகிறது, வயிறு எழும்புகிறது, ஆனால் காற்றுச் சத்தமே இல்லை. அழும் குழந்தையைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. மார்பு அசைந்தும் சத்தம் இல்லாத குழந்தையைக் கண்டுதான் பயப்படுகிறோம். என்னோடு இருந்த மூத்த மருத்துவர் முகமூடியை அழுத்திப் பிடித்து, தாடையைத் தூக்கி, ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுத்தார். எனக்கு நீண்ட நேரமாகத் தோன்றியது சில விநாடிகள்தான். குரல்வளை தளர்ந்தது. குழந்தை நன்றாக எழுந்தாள். பிறகு அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னார்: "மூன்று நாளாக இருமல். சொன்னால் அனுப்பிவிடுவீர்கள் என்று..." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆம், இல்லை என்று பதில் வரும்படி நாங்கள் கேட்டிருக்கக் கூடாது. அதிலிருந்து நான், "கடைசியாக எப்போது இருமினாள்? இந்த மாதம் எந்த மருந்தகத்துக்காவது போனீர்களா?" என்றுதான் கேட்கிறேன்.

சளி போனபின்னும் மூச்சுக்குழாய் இரண்டு முதல் ஆறு வாரம்வரை சிலிர்த்துக்கொண்டே இருக்கும், தொட்டால் சுருங்கும். மூக்கு ஒழுகல் மட்டும் லேசாக இருந்து பிள்ளை ஓடி விளையாடினால் சில சமயம் தொடரலாம். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சில் கரகரப்பு, உங்கள் மகனுக்கு இருப்பதுபோல விடாத இருமல் என்றால், அவசரமில்லாத ஸ்கேனைப் பொதுவாக இரண்டு வாரமாவது தள்ளுவோம். தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நரம்பியல் மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்துதான். அதற்கு அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். நாளைக் காலையே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கும், உங்களுக்கு அடுத்த நாளும் சீக்கிரம் குறிப்பார்கள். வாசல்வரை வந்து திரும்பிப் போனால் இரண்டும் இல்லை. இடையில் வலிப்பு அடிக்கடி வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

மாமியாரின் பயம்

அவர் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை. 2016ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது. அதை நாங்கள் மனத்தில் வைத்துத்தான் நடக்கிறோம். ஆனால் உங்கள் மகனுக்கு 3 வயது தாண்டிவிட்டது. ஒரே முறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல நாடுகளில் 722 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக முழு மயக்கம் பெற்ற குழந்தைகளும், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக்கொண்ட குழந்தைகளும் 5 வயதில் அறிவுத்திறன் சோதனையில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: கட்டுப்படாத வலிப்பும், இரவெல்லாம் மூச்சு அடைபட்டுத் தூங்குவதும் பிள்ளையின் படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கலாம். அமெரிக்காவில் புரோப்பொஃபால் கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 50 ஆயிரம் நிகழ்வுகளைத் திரட்டி 2009ல் வெளியிட்டார்கள். ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டிய நிலை இரண்டு முறை வந்தது. ஆனால் ஏறக்குறைய 70ல் ஒரு முறை மூச்சுப்பாதைக்கு யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. யாரும் இறக்காததற்குக் காரணம், அந்த 70ல் ஒன்றாக இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் கை கொடுக்கத் தெரிந்தவர் இருந்ததுதான். மயக்கவியல் மருத்துவர் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில்.

அன்று காலை

வயிறு காலியாக இருக்க வேண்டும். வாந்தி வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகலாம். பொதுவாகச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம். சில இடங்களில் ஒரு மணி நேரமே போதும் என்பார்கள். உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள். மைலோ தெளிந்த நீர் அல்ல. பால் சேர்த்த எதுவும் அல்ல, கஞ்சித் தண்ணீரும் அல்ல. தட்டில் ஊற்றினால் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். பேரன் பசியோடு இருக்கிறானே என்று பாட்டி இரண்டு வாய் ஊட்டிவிடுவது எங்கள் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். அப்படி ஊட்டியிருந்தால் வந்து சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம். வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். அதைக் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆம் என்பார்கள்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்முன் மயக்கவியல் மருத்துவரிடம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் சட்டப் பிரிவின்படி, முடிவெடுக்க உங்களுக்கு நியாயமாகத் தேவைப்படும் தகவலை மருத்துவர் தர வேண்டும்; உங்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துத் தர வேண்டும். ஆனால் உங்கள் மனத்தில் இருப்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஆங்கிலத்தில் கேட்கச் சிரமமாக இருந்தால், தமிழ் தெரிந்த தாதியோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பார்களா என்று முன்னதாகவே கேளுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும். பல இடங்களில் பிள்ளை கண்ணை மூடும்வரை பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ஒன்று: மயக்கம் ஏறும்போது கண் மேலே செருகும், கை கால் தளரும், குறட்டை வரும். பார்க்கிற தாய்க்கு வயிற்றைப் பிசையும். எங்களுக்கு அது வழக்கமான காட்சி. அப்போது தாதி உங்களை வெளியே அழைத்தால் போய்விடுங்கள், எங்கள் கை உங்கள் மகனிடம் இருக்க வேண்டும்.

மயக்கமே இல்லாமல் எடுக்க வழி உண்டா என்றால், உண்டு. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பலர் விழித்தபடியே படுத்துக்கொள்கிறார்கள். நாலரையில் முடிகிற பிள்ளைகளும் உண்டு, குறைவு. சில குழந்தை மருத்துவமனைகளில் விளையாட்டுச் சிகிச்சையாளர்கள் பொம்மை ஸ்கேனரை வைத்துப் பழக்குகிறார்கள். உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று கேளுங்கள். எப்படியும் நாள் தள்ளிப் போனால் வீட்டிலும் முயன்று பார்க்கலாம். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திறந்து சுரங்கம்போல வையுங்கள், கைப்பேசியில் எம்ஆர்ஐ சத்தத்தை ஒலிக்கவிட்டு, 'சிலை விளையாட்டு' ஆடுங்கள். முதலில் ஒரு நிமிடம். பத்து நிமிடம் கிடந்தான் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிடக்கவில்லை என்றால் அவன்மீது தப்பில்லை, உங்கள்மீதும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுந்து, பெயர் சொல்லி, தண்ணீர் குடித்து, வழக்கம்போல அழுது அடம்பிடிக்கும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள். அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். 1.35 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்றாலும் இங்கே டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. அதனால் பலர் மடியில் சாய்த்துக்கொண்டு போகிறார்கள். மருந்து முழுதும் இறங்காத பிள்ளை, முகவாய் நெஞ்சில் படத் தலை தொங்கித் தூங்கினால் அந்தக் குறுகிய வழி மடங்கி அடைபடும். முடிந்தால் சரியான அளவு இருக்கை உள்ள காரில் போங்கள். எதில் போனாலும் ஒருவர் முன்னால், ஒருவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி பக்கத்தில். தலையை நிமிர்த்திப் பிடியுங்கள். அன்று மதியம் தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அடிக்கடி போய் மூச்சைப் பாருங்கள்.

இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அவன் தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, சட்டையை மேலே தூக்கி விட்டு, மார்பும் வயிறும் முகமும் தெரியும்படி கைப்பேசியில் இரண்டு நிமிடம் காணொளி எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சத்தம் தெளிவாகப் பதிய வேண்டும். நாளைக் காலை மருத்துவமனைக்கு அழைத்து, "குறட்டை விடுகிறான், இருமலும் இருக்கிறது, மயக்கவியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். சந்திக்கும்போது அந்தக் காணொளியைக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினால் சலித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள். ஸ்கேன் எப்படி முடிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.